டிஎன்னா, இ-2வா? முதலில் மனைவியின் பாஸ்போர்ட்டைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 38 வயது. பிறந்தது திருச்சி. அங்கேயே பி.இ. கணினி அறிவியல் முடித்தேன். கனடியக் குடியுரிமை வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. டொராண்டோவை ஒட்டிய மார்க்கமில் சொந்த வீடு இருக்கிறது. மனைவி யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், இலங்கைப் பாஸ்போர்ட். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பி.காம். படித்து இங்கே கணக்காளராக வேலை பார்க்கிறார். பிஆர் (கனடாவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை) ஆகி 2 ஆண்டு 8 மாதம் ஆகிறது, இடையில் ஒரு மாதம் ஊருக்குப் போய் வந்தார். இரண்டு வயது மகள், கனடாவில் பிறந்தவள். டாலஸில் ஒரு நிறுவனம் 'சீனியர் சாஃப்ட்வேர் டெவலப்பர்' வேலை தருகிறது, டிஎன் என்ற வேலை அந்தஸ்தில் வரச் சொல்கிறார்கள். ஹூஸ்டனில் இருக்கும் மைத்துனர் (மனைவியின் அண்ணன், கிரீன் கார்ட் வைத்திருப்பவர்) 300,000 அமெரிக்க டாலருக்கு ஒரு மளிகைக் கடையைப் பாதிப் பாதியாக வாங்கலாம், இ-2 முதலீட்டாளர் விசா கிடைக்கும் என்கிறார். டெக்சாஸில் வீடு வாங்கினாலே விசா உண்டு என்றும் சிலர் சொல்கிறார்கள். மனைவியும் வேலைக்குப் போக வேண்டும். எது சரி?

பதில்:

வீட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அமெரிக்காவில் எத்தனை வீடு வாங்கினாலும் அதனால் எந்த விசாவும் கிடைக்காது. வாடகைக்கு விட்டுச் சும்மா இருக்கும் சொத்தை இ-2 முதலீடாக ஏற்க மாட்டார்கள். 'வீடு வாங்கினால் விசா' என்ற பேச்சு ஐரோப்பாவிலிருந்து வந்தது. அங்கேயே போர்ச்சுகல் 2023 அக்டோபரில் கோல்டன் விசாவிலிருந்து வீடு, மனை முதலீட்டை நீக்கிவிட்டது. ஸ்பெயின் 2025 ஏப்ரலில் அந்தத் திட்டத்தையே மூடிவிட்டது.

இனி உங்கள் கேள்வி. வேலை, கடை இரண்டையும் எடைபோட்டு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் குடும்பத்துக்கு எது பொருந்தும் என்பதை முடிவு செய்யப்போவது உங்கள் மனைவியின் பாஸ்போர்ட். அதனால்தான் முதல் ஐந்தாறு மாதம் நீங்கள் மட்டும் போங்கள், அவர் மார்க்கமிலேயே இருக்கட்டும் என்கிறேன். காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டிஎன் என்பது அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஒப்பந்தத்தில் வரும் தொழில்முறை அந்தஸ்து. நாஃப்டா என்ற பழைய வர்த்தக ஒப்பந்தத்தோடு 1994இல் தொடங்கியது, 2020 ஜூலை முதல் புதிய ஒப்பந்தத்தின் கீழ் தொடர்கிறது. கனடிய, மெக்சிகோ குடிமக்களுக்கு மட்டுமே உரியது, பிஆர் இருந்தால் போதாது. உங்களுக்குத் தூதரகமும் வேண்டாம், குலுக்கலும் வேண்டாம். டொராண்டோ பியர்சன் விமான நிலையத்தில் அமெரிக்கச் சோதனையைக் கடக்கும்போதோ, ஃபோர்ட் எரி பீஸ் பிரிட்ஜ் போன்ற தரைவழி எல்லையிலோ காகிதங்களைக் கொடுத்து அன்றைக்கே முடிவு வாங்கலாம். விண்ணப்பக் கட்டணம் 50 டாலர், ஐ-94க்கு (அமெரிக்காவில் எதுவரை தங்கலாம் என்று சொல்லும் நுழைவுப் பதிவு) தனிக் கட்டணம் உண்டு. ஒரு தடவைக்கு மூன்று ஆண்டு வரை தருவார்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம்.

சிக்கல் வேலைப் பெயரில் இருக்கிறது. ஒப்பந்தப் பட்டியலில் உள்ள தொழில்களுக்கு மட்டும்தான் டிஎன். 'சாஃப்ட்வேர் டெவலப்பர்' என்ற பெயர் அதில் இல்லை. உங்களுக்கு இரண்டு வாசல் உண்டு: 'இன்ஜினியர்' ஒன்று, 'கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ் அனலிஸ்ட்' இன்னொன்று. முன்னதற்குப் பொறியியல் பட்டம் தேவை. உங்கள் பட்டம் பி.இ. என்பது பெரிய பலம், பி.எஸ்சி. கணினி அறிவியல் படித்தவர்கள் இந்த இடத்தில்தான் அடிக்கடி மடக்கப்படுகிறார்கள். பின்னதற்குப் பட்டம் போதும், அல்லது டிப்ளமோவும் மூன்று ஆண்டு அனுபவமும். அந்த டிப்ளமோ கனடாவிலோ அமெரிக்காவிலோ வாங்கியதாக இருக்க வேண்டும், ஊர் டிப்ளமோ கணக்கில் வராது. ஆனால் அனலிஸ்ட் என்று எழுதிவிட்டு வேலை முழுக்கக் கோடிங் என்றால் அதிகாரி அதை நிரலாளர் வேலை என்று சொல்லித் திருப்பிவிடுவார்.

ஆகவே டாலஸ் நிறுவனம் தரும் கடிதம்தான் உங்கள் வழக்கு. அதில் ஐந்து விஷயங்கள் இருக்க வேண்டும்: பட்டியலில் உள்ள எந்தத் தொழில், தினசரி என்ன வேலை, எத்தனை காலம், உங்கள் கல்வித் தகுதி, சம்பளம் எவ்வளவு எப்படித் தரப்படும். பெரும்பாலான கடிதங்கள் கோட்டைவிடுவது இரண்டாவதில். 'குழுவோடு இணைந்து தரமான மென்பொருள் உருவாக்குவார்' என்ற வரியால் ஒரு பயனும் இல்லை. 'கிடங்கு மேலாண்மை அமைப்பின் கட்டமைப்பை வடிவமைப்பார். நொடிக்கு எத்தனை பரிவர்த்தனை தாங்கும் என்று கணக்கிட்டுச் சோதிப்பார். பிழை தாங்கும் திறனுக்கான பொறியியல் தேர்வுகளை முடிவு செய்வார். இதற்குப் பொறியியல் பட்டம் தேவை, காரணம் இது' என்று எழுதினால் படிப்பவருக்குப் படம் தெரியும். நீங்கள் உண்மையில் செய்யப்போகும் வேலையைத்தான் எழுத வேண்டும். கடிதத்துக்காக வேலையை மாற்றி எழுதினால் அதிகாரியின் மூன்றாவது கேள்வியிலேயே அது உடைந்துவிடும். பொய்த் தகவல் என்று பதிவானால் வாழ்நாள் முழுக்க அமெரிக்க நுழைவுக்கே தடை வரலாம்.

பட்டம் இந்தியாவில் வாங்கியது என்பதால் அது அமெரிக்கப் பட்டத்துக்கு இணை என்று சொல்லும் மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். கனடாவுக்கு வரும்போது குடியேற்றத்துக்காக எடுத்த பழைய அறிக்கை உங்களிடம் இருக்கலாம். அது கனடியப் பட்டத்துக்கு இணை என்று மட்டுமே சொல்லும். அதை நம்பிப் போகாதீர்கள், புதிதாக எடுங்கள். மூலப் பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், நிறுவனத்தின் கடிதம், பழைய வேலைச் சான்றுகள் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். லக்கேஜில் போட்டுவிட்டு அதிகாரி முன் வெறுங்கையோடு நிற்பவர்கள் உண்டு. பியர்சன் வழி போனால் பயணம் தவறினாலும் பாதகமில்லாத நாளாகப் பாருங்கள், வேலை தொடங்கும் திங்கட்கிழமைக்கு முந்தைய ஞாயிறு வேண்டாம். திருப்பி அனுப்பினால் அங்கேயே வாதாடாதீர்கள். எந்தக் காகிதம் குறைகிறது என்று பணிவாகக் கேளுங்கள், விண்ணப்பத்தைத் திரும்பப் பெற அனுமதி கேளுங்கள், சரிசெய்துகொண்டு மறுபடி போங்கள். முதல் மறுப்பை மறைக்காதீர்கள், அது அவர்கள் கணினியில் இருக்கும்.

உள்ளே போனதும் அன்றைக்கே ஐ-94 பதிவை இணையத்தில் எடுத்துப் பாருங்கள். 'டிஎன்' என்று இருக்கிறதா, முடிவுத் தேதி என்ன என்று சரிபாருங்கள். உங்கள் பாஸ்போர்ட் இரண்டு ஆண்டில் முடிகிறது என்றால் மூன்று ஆண்டுக்குப் பதில் அந்தத் தேதி வரைதான் போட்டிருப்பார்கள். அதனால் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டே போவது நல்லது. வேலை போய்விட்டால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம் உண்டு. இன்னொரு நிறுவனம் என்றால் புதிய டிஎன் கையில் வரும் வரை அங்கே ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக் கூடாது.

இப்போது மனைவி. டிஎன்னோடு வரும் குடும்பத்தினருக்கு டிடி என்ற அந்தஸ்து. அதில் அவர் படிக்கலாம், வேலை செய்ய முடியாது. தனியாக வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கவும் வழியில்லை. மகள் கனடியக் குடிமகள் என்பதால் எல்லையிலேயே டிடி வாங்கிவிடலாம். மனைவியிடம் இருப்பது இலங்கைப் பாஸ்போர்ட். எனவே அவர் அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணலுக்குப் போய் டிடி விசா முத்திரை வாங்கிய பிறகுதான் எல்லைக்கே போக முடியும். உங்களோடு அதே விமானத்தில் ஏறலாம் என்று டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

அவரே கனடியக் குடிமகள் ஆகிவிட்டால் நிலைமை தலைகீழ். 'அக்கவுண்டண்ட்' என்பது டிஎன் பட்டியலில் இருக்கிறது, இளங்கலைப் பட்டமோ சிபிஏ (பட்டயக் கணக்காளர்) தகுதியோ போதும். அவருடைய பி.காம். அமெரிக்க இளங்கலைக்கு இணை என்று மதிப்பீடு வந்தால், டாலஸில் ஒரு வேலையைப் பிடித்துத் தன் பெயரில் டிஎன் வாங்கிக்கொள்ளலாம். வேலை உண்மையான கணக்காளர் வேலையாக இருக்க வேண்டும். வெறும் கணக்கெழுதும் வேலைக்குத் தர மாட்டார்கள்.

குடியுரிமைக்கு விண்ணப்பிக்க, அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் 1,095 நாள் கனடாவில் உடலளவில் இருந்திருக்க வேண்டும். 2 ஆண்டு 8 மாதம் என்றால் சுமார் 974 நாள். ஊருக்குப் போன 30 நாளைக் கழித்தால் 944. இன்னும் 151 நாள், ஏறக்குறைய ஐந்து மாதம். இந்த இடத்தில் அவரை டெக்சாஸுக்குக் கூட்டிப் போனால் அந்த எண்ணிக்கை நின்றுவிடும். உங்களோடு அங்கே வாழும் நாட்களில் ஒன்றுகூடக் குடியுரிமைக் கணக்கில் சேராது. ஐந்து ஆண்டு ஜன்னல் நகர நகர, சேர்த்த நாட்களும் பின்னாலிருந்து உதிரத் தொடங்கும். இதைவிட வீணான இழப்பு இல்லை. 1,095ஐத் தொட்ட அன்றே விண்ணப்பிக்காமல் இரண்டு மூன்று வாரம் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பயணத் தேதியில் சின்னப் பிழை இருந்தாலும் அது தாங்கும்.

விண்ணப்பித்த பிறகு அவர் உங்களிடம் வரலாம். பிஆர் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். ஐந்து ஆண்டில் 730 நாள் என்பது பிஆர் நிபந்தனை. கனடியக் குடிமகனான கணவரோடு வெளிநாட்டில் வாழும் நாட்களும் அந்த 730இல் சேரும். பிஆருக்குச் சேரும் நாள், குடியுரிமைக்குச் சேராது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள்தான் அதிகம். ஒன்றாக வாழ்ந்ததற்கு வாடகை ஒப்பந்தம், பயணச் சீட்டு, மகளின் மருத்துவப் பதிவு போன்றவற்றைக் கோப்பாக வைத்திருங்கள். குடியுரிமை அலுவலகக் கடிதங்களுக்குத் தாமதமில்லாமல் பதில் போக வேண்டும். உறுதிமொழி எடுக்கும் நாளில் அவர் கனடாவில் இருக்க வேண்டும்.

மைத்துனரின் யோசனைக்கு வருகிறேன். இ-2வில் ஒரு பெரிய வசதி உண்மையிலேயே உண்டு: மனைவி எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் வேலை செய்யலாம். 2022 தொடக்கத்திலிருந்து ஐ-94இல் 'இ-2எஸ்' என்று குறிக்கிறார்கள், அதையே வேலை அனுமதிச் சான்றாக முதலாளியிடம் காட்டலாம். உங்கள் விசா முத்திரை ஐந்து ஆண்டுக்கு வரும், ஒவ்வொரு நுழைவுக்கும் இரண்டு ஆண்டு தருவார்கள். முத்திரையின் தேதியைப் பார்த்துக்கொண்டு ஐ-94 தேதியைத் தவறவிடுவது இந்த விசாவில் அடிக்கடி நடக்கும் விபத்து.

இ-2வுக்கு, டிஎன் போலில்லாமல், கனடியர்களுக்கும் தூதரக விசா கட்டாயம். டி.எஸ்-160 என்ற விசாப் படிவத்தோடு முழுக் கோப்பையும் கொடுத்து நேர்காணலுக்குக் காத்திருக்க வேண்டும். வாரக்கணக்கில் திட்டமிடாதீர்கள், மாதக்கணக்கில் திட்டமிடுங்கள்.

கடையின் கணக்கு எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். நிறுவனத்தில் குறைந்தது 50 சதவீதம், அமெரிக்காவுடன் இ-2 ஒப்பந்தம் உள்ள ஒரே நாட்டின் குடிமக்கள் கையில் இருக்க வேண்டும், நிர்வாகக் கட்டுப்பாடும் உங்களிடம் இருக்க வேண்டும். இலங்கைக்கும் அமெரிக்காவுடன் இ-2 ஒப்பந்தம் உண்டு, இந்தியாவுக்கு இல்லை. ஆனால் மைத்துனர் கிரீன் கார்ட் வைத்திருப்பதால் அவர் பங்கு எந்த நாட்டுக் கணக்கிலும் சேராது. ஆக உங்கள் 50 மட்டும்தான் மிச்சம். அதுவும் முழுதாக உங்கள் பெயரில் இருக்க வேண்டும். பாசத்தில் 'பாதியை மனைவி பெயரில் போடுகிறேன்' என்று 25-25ஆகப் பிரித்தீர்களானால் கனடியப் பங்கு 25 ஆகிவிடும். இலங்கையையும் கனடாவையும் கூட்டி 50 என்று காட்ட முடியாது. அந்த ஒரு கையெழுத்தில் விசா போய்விடும்.

முதலீட்டுக்குக் குறைந்தபட்சத் தொகை என்று சட்டத்தில் இல்லை. தொழிலின் மொத்த விலையோடு ஒப்பிட்டு உங்கள் பணம் கணிசமானதா என்று பார்ப்பார்கள். 300,000 டாலர் கடையில் 150,000 என்பது பாதி. விலை குறைந்த தொழிலில் அதிகாரிகள் இதைவிட உயர்ந்த விகிதத்தை எதிர்பார்ப்பார்கள். மேலும் கடை உங்கள் குடும்பத்தின் அன்றாடச் செலவுக்கு மட்டும் தேறுகிற கடையாக இருக்கக் கூடாது. ஐந்து ஆண்டுக்குள் அதைவிடக் கூடுதலாக ஈட்டும், ஆட்களுக்கு வேலை தரும் என்பதை வணிகத் திட்டம் காட்ட வேண்டும். இரண்டு குடும்பம் பங்குபோடும் ஒரு மளிகைக் கடையில் அதை நிரூபிப்பது கடினம். இந்த அமைப்பில் இந்தக் கடையை நான் பரிந்துரைக்க மாட்டேன். 75 சதவீதமோ முழுவதுமோ உங்கள் பெயரில் வாங்க முடிந்தால் வேறு பேச்சு.

அப்படி வாங்குவதானால் பணத்தின் பாதையைக் கவனியுங்கள். மார்க்கம் வீட்டின் மேல் எடுக்கும் லைன் ஆஃப் கிரெடிட் பணம் செல்லும், ஏனென்றால் அந்தக் கடனுக்கு உங்கள் சொந்தச் சொத்துதான் ஈடு. வாங்கப்போகும் கடையையோ அதன் சரக்கையோ ஈடு வைத்த கடன் முதலீடாகாது. வங்கியிலிருந்து பணம் வந்த நாள், டாலராக மாற்றிய சீட்டு, எஸ்க்ரோ கணக்குக்கு (நிபந்தனை நிறைவேறும் வரை மூன்றாம் தரப்பு பணத்தை வைத்திருக்கும் கணக்கு) அனுப்பிய சீட்டு என ஒரு கண்ணிகூட விடுபடாமல் இருக்க வேண்டும். வங்கியில் சும்மா கிடக்கும் பணம் முதலீடு ஆகாது, தொழிலில் இறங்கியிருக்க வேண்டும். அதற்காக முழுவதையும் கொடுத்துவிட்டு விசாவுக்காகக் கையைப் பிசைய வேண்டியதில்லை. விசா கிடைத்தால் பணம் விற்பவருக்கு, மறுத்தால் உங்களுக்கு என்ற ஒரே நிபந்தனையோடு எஸ்க்ரோவில் போடுவதை ஏற்கிறார்கள். விற்பவர் இதற்குச் சம்மதிக்கவில்லையென்றால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள்.

டிஎன்னில் டாலஸில் வேலை செய்துகொண்டே கடையில் பங்கு வாங்கலாமா என்றால், பணம் போட்டுப் பங்குதாரராக இருக்கலாம். சனி ஞாயிறு ஹூஸ்டன் போய் கல்லாவில் உட்காரக் கூடாது, சரக்கு இறக்கவும் கூடாது. சம்பளம் வாங்காவிட்டாலும் அது அனுமதியற்ற வேலையாகப் பார்க்கப்படும். உங்கள் சொந்த நிறுவனமே உங்களுக்கு டிஎன் கடிதம் கொடுப்பதும் செல்லாது.

கிரீன் கார்டை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எப்படியும் வரும் கேள்வி. டிஎன்னும் இ-2வும் தற்காலிக அந்தஸ்துகள்தான், கிரீன் கார்டுக்கு நேர்வழி தருவதில்லை. டிஎன்னில் இருக்கும்போது குடியேற்ற மனு போட்டால் அடுத்த நுழைவில் தற்காலிகமாகத்தான் வருகிறேன் என்பதை நிறுவுவது கஷ்டமாகும். அதனால்தான் பலர் இடையில் எச்-1பி வேலை விசாவுக்கு மாறப் பார்க்கிறார்கள். அதில் ஆண்டுக்கு 85,000 இடம், குலுக்கல் வேறு. 2025 செப்டம்பரில் வந்த அதிபர் அறிவிப்பு, நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கான புதிய மனுக்கள் மீது 100,000 டாலர் கட்டணத்தையும் சுமத்தியது. கிரீன் கார்ட் வரிசையில் பார்ப்பது உங்கள் குடியுரிமையை அல்ல, பிறந்த நாட்டை. கனடியப் பாஸ்போர்ட் இருந்தாலும் திருச்சியில் பிறந்த நீங்கள் இந்திய வரிசையில்தான் நிற்க வேண்டும், வேலைவாய்ப்புப் பிரிவுகளில் அது ஆண்டுக்கணக்கில் நீளும். இங்கேயும் மனைவிதான் உங்களுக்குத் துணை. கணவன் மனைவியில் ஒருவர் பிறந்த நாட்டை இருவருக்கும் எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்பதால் நீங்கள் இந்திய வரிசையை விட்டு இலங்கைக்குரிய பொது வரிசைக்கு வரலாம். டாலஸ் நிறுவனத்தின் வழக்கறிஞர் இதைத் தானாகக் கவனிப்பார் என்று விட்டுவிடாதீர்கள், மனைவியின் பிறப்புச் சான்றிதழை நீங்களே எடுத்துக்கொடுங்கள். குறைந்தது 800,000 டாலரும் பத்து முழுநேர வேலைகளும் கேட்கும் இபி-5 (முதலீட்டாளர் கிரீன் கார்ட்) உங்கள் கணக்குக்கு வெளியே.

கடைசியாக வரி. மனைவியும் குழந்தையும் மார்க்கம் வீட்டில் இருக்கும் அந்த மாதங்களில் கனடிய வரித்துறை உங்களைப் பொதுவாக இங்கு வசிப்பவராகவே கருதும். குடும்பமும் கிளம்பும் நாள்தான் பெரும்பாலும் உங்கள் வெளியேறும் தேதி ஆகும். அன்றைக்கு உங்களிடம் உள்ள மியூச்சுவல் ஃபண்ட், பங்குகள் போன்றவற்றைச் சந்தை விலைக்கு விற்றதாகவே கணக்கிட்டு லாபத்துக்கு வரி கேட்பார்கள். ஆர்ஆர்எஸ்பி என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக்கும் கனடாவில் உள்ள வீட்டுக்கும் இது பொருந்தாது. பதிவு செய்ய வேண்டிய சொத்துகளின் மொத்த மதிப்பு 25,000 டாலரைத் தாண்டினால் டி1161 படிவம் கட்டாயம். வரி ஒன்றும் வராவிட்டாலும் படிவம் போக வேண்டும், தாமதத்துக்கு நாளொன்றுக்கு 25 டாலர் வீதம் 2,500 டாலர் வரை அபராதம். டிஎஃப்எஸ்ஏ (கனடாவின் வரியில்லாச் சேமிப்புக் கணக்கு) வருமானத்துக்கு அமெரிக்காவில் விலக்கு கிடையாது. கனடிய மியூச்சுவல் ஃபண்டுகளை அங்கே தனிக் கடுமையோடு வரிக்கு உட்படுத்துகிறார்கள். இரண்டையும் அமெரிக்க வரி வசிப்பாளர் ஆவதற்கு முன்பே இரு நாட்டு வரியும் தெரிந்த கணக்காளரிடம் காட்டி முடிவெடுங்கள். அமெரிக்க வரி வசிப்பாளரான பிறகு, வெளிநாட்டுக் கணக்குகளின் கூட்டுத்தொகை ஆண்டில் ஒரு நாள் 10,000 அமெரிக்க டாலரைத் தாண்டினாலும் எஃப்பார் அறிக்கை கொடுக்க வேண்டும்.

மார்க்கம் வீட்டை வாடகைக்கு விடுவதாக இருந்தால், வெளியேறிய பிறகு மொத்த வாடகையில் 25 சதவீதத்தைப் பிடித்து ஒவ்வொரு மாதமும் வரித்துறைக்குக் கட்ட வேண்டும். கனடாவில் ஒருவரை முகவராக வைத்து என்.ஆர்.6 படிவத்துக்கு ஒப்புதல் வாங்கிவிட்டால் செலவு போக மிஞ்சும் நிகர வாடகையில் மட்டும் பிடித்தால் போதும். அதை ஆண்டுத் தொடக்கத்திலோ, முதல் வாடகை வருவதற்கு முன்போ அனுப்ப வேண்டும். எனவே வாடகைதாரரைத் தேடத் தொடங்கும்போதே முகவரையும் முடிவு செய்துவிடுங்கள்.